கிரிந்தாவின் முற்றம்

2004 டிசம்பர் நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பின், அந்தமான் நிக்கோபாரில் வீடிழந்தோர் வெயிலில் கொதிக்கும் தகரக் கொட்டகைகளில் வருஷக்கணக்காக அவதியுற்ற அதே காலத்தில், 1995-இல் கோபே நகர் பூகம்பத்தால் குலைந்தபோது காகிதக் குழாய்களால் இல்லம் சமைத்துக் கொடுத்த ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், இலங்கையின் கிரிந்தாவில் முஸ்லிம் மீனவர்களுக்கு, அழுத்திச் செய்த மண்கற்களாலும் உள்ளூர் ரப்பர் மரத்தாலும், அந்நியர் வந்தால் மாதர் ஒதுங்கியிருக்க வசதியாகக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கூரையிட்ட முற்றம் விட்டு, வீடுகள் எழுப்பினார். 2014-இல் அவருக்குக் கிட்டிய பிரிட்ஸ்கர் விருதைவிட அந்த முற்றமே எனக்குப் பெரிது. நூதனமென்றால் கண்ணாடிக் கோபுரந்தான் என்றெண்ணும் நம் பொறியாளர்கள் (விதிவிலக்கானவர்கள் மன்னிக்க!) அந்தமானில் தகரத்தை வேயுமுன், அங்கே சமைக்கப் போகிறவளிடம் அடுப்பு எந்தப் பக்கம் வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.