பாட்டி கையில் கொடுத்துப் பாருங்கள்

போன வாரம் பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அத்தைக்குக் கைப்பேசியில் உதவித்தொகை பாரம் பூர்த்தி செய்தேன். அடையாள அட்டை எண்ணைத் தட்டியாயிற்று. அடுத்து, பிறந்த ஆண்டு: 2025இலிருந்து 1952 வரை பட்டியலை உருட்ட வேண்டும்!

அந்த 12 இலக்க எண்ணிலேயே எல்லாம் உண்டே. முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த 05, பிறந்த மாநிலம் நெகிரி செம்பிலான். கடைசி எண் இரட்டைப்படை என்றால் பெண்.

பெயரிலுள்ள ‘ஏ/பி’ சாய்கோட்டையும் பெட்டி ஏற்கவில்லை. அட்டையில் ஒன்று, பாரத்தில் வேறொன்று என்றால் மனு என்னாவது?

“நீ கே.எல். போயிட்டா இதையெல்லாம் யாருப்பா பார்ப்பா?” என்றார் அத்தை.

செயலி உருவாக்கும் தம்பி, தங்கைகளே! தெரிந்ததை மறுபடி கேட்காதீர்கள். தேதியைத் தட்ட விடுங்கள். முதலில் உங்கள் பாட்டி கையில் கொடுத்துப் பாருங்கள்.