பறிக்கப்பட்ட ஒரு மணி நேரம்

அறிவு உண்டு, ஆர்வம் உண்டு. கேட்டால் விளக்குவான், வாதிட்டால் வெல்வான். ஆயினும், ஏட்டைப் பிரித்தால் எழுத்து பிடிபட மறுக்கிறது. பேனாவை எடுத்தால் கை தடுமாறுகிறது. கற்றல் குறைபாடு இது! "மக்கு" என்கிறது ஊர். "சோம்பேறி" என்கிறது கல்லூரி.

1995-ஆம் ஆண்டின் சட்டம் இவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டந்தான் 21 குறைபாடுகளுள் ஒன்றாக இதனையும் ஏற்றது. தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதும் துணைக்கும் வழி வகுத்தது.

ஏட்டிலே ஏறிய நீதி, தேர்வுக்கூடத்தில் நுழைந்ததா? 2021-இல் நீட் தேர்வு எழுதினாள், எழுதுவதிலே குறைபாடுடைய மாணவி ஒருத்தி. விதிப்படி அவளுக்குரிய கூடுதல் ஒரு மணி நேரத்தை மறுத்து, விடைத்தாளைப் பறித்தனர். அநீதி என்றது உச்சநீதிமன்றம், அவ்வாண்டு நவம்பரில். மறுதேர்வோ கிடைக்கவில்லை, பரிகாரம் தேடும் பொறுப்பு, தேர்வு நடத்திய முகமையிடமே விடப்பட்டது!

வாயிலிலேயே இந்தக் கதி என்றால், கல்லூரிக்குள்ளே? உரிமையறிந்த அலுவலர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரியிலும் வேண்டும். தேர்வு நாளில் அன்று, சேரும் நாளிலேயே மாணவரின் தேவை பதிவாக வேண்டும். கண்காணிப்பாளருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும்.

மூக்குக்கண்ணாடி அணிந்தவனைச் சலுகை பெற்றவன் என்போமா? கூடுதல் நேரமும் அத்தகையதே. பிச்சையன்று அது, உரிமை!