கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?

பேரனோ பேத்தியோ வயதுக்கு மிஞ்சிய புத்திசாலி என்று தெரிந்துவிட்டால் நம் வயதுக்காரர்களுக்குத் தலைகால் புரிவதில்லை. பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கலாம் என்று கடைக்குப் போனால், மூளையை வளர்க்கும் என்று அட்டையில் போட்ட பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விலையைப் பார்த்தால் நமக்குத்தான் மூளை கலங்குகிறது. அந்தப் பிள்ளை அதை அரை மணியில் முடித்துவிட்டு, "அடுத்தது என்ன தாத்தா?" என்று வந்து நிற்கும். ஒரே விடை உள்ள புதிர், விடை தெரிந்த பிறகு வெறும் அட்டைதானே!

என்னைக் கேட்டால், சீக்கிரம் தீர்ந்து போகாத பொருளாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் கிடைத்தது கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம். அதுவும் கல்லூரி நூலகத்து இரவல். ஏறக்குறைய 5,000 தேற்றங்கள். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காக எழுதியது. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் ஒரு வரி, அல்லது அதுவும் கிடையாது. அதனால் அவரே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்க்க உட்கார்ந்தார். எல்லாவற்றையும் வண்ணப் படம் போட்டு விளக்கியிருந்தால் புரட்டிவிட்டு மூடி வைத்திருப்பாரோ என்னவோ.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் ஆகாது, சரி. ஒரு நல்ல பூதக்கண்ணாடி கொடுங்கள். எறும்பும் செம்பருத்தி மகரந்தமும் தீரவே தீராது. பேட்டரியில் ஓடும் பழைய ரேடியோவும் ஒரு திருப்புளியும் கொடுங்கள். (வீட்டுக் கரண்டில் ஓடுவதும் பழைய டிவியும் மட்டும் வேண்டவே வேண்டாம்.)

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, தரையில் சாக்பீஸ் கோடு. செலவு ஒன்றுமில்லை, ஆனால் நாம் தரையில் உட்கார வேண்டும். முட்டி வலிப்பவர்கள் அட்டையில் வரைந்து மேஜையில் வைத்துக்கொள்ளலாம். விட்டுக் கொடுக்காமல் ஆடுங்கள். எப்போதும் முதல் மார்க்கே வாங்கிப் பழகிய பிள்ளைக்குத் தோற்கத் தெரியாது. பத்தாம் வகுப்பில் முதல்முறையாக ஒரு கணக்கு வராதபோது இடிந்து போய், தனக்கு அறிவே இல்லை என்று முடிவு கட்டிவிடும். நம்மிடம் நாலு முறை தோற்று, ஐந்தாவது முறை புலியைக் கட்டினால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு யாராவது வந்தால், "மாமாவுக்கு ஆடிக் காட்டு" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அன்றோடு பலகையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடும்.