பழைய கோப்பு என்றால் குப்பையா?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாடு பிடிக்க வருபவர்கள் பல்லைப் பார்ப்பார்கள். பல் வயதைச் சொல்லும். எவ்வளவு கறக்கும் என்று சொல்லாது. அதற்கு வேறு விசாரணை உண்டு. இந்தத் தெளிவு சர்வரைச் சுத்தம் செய்ய உட்காருகிறவர்களிடம் இல்லையே!

டிஸ்க் நிறைந்துவிட்டதா? ஃபைண்ட் கட்டளை, 365 நாளுக்கு மேல் பழையது, அழி. முடிந்தது வேலை. சரி, எந்தத் தேதியைப் பார்த்து அழித்தார்கள்?

லினக்ஸ் கோப்புக்கு முக்கியமாக மூன்று தேதிகள். எம்டைம், உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். சிடைம், அனுமதியை மாற்றினால்கூட நகரும். பலர் நினைப்பதுபோல் 'உருவான தேதி' அல்ல. ஏடைம், கடைசியாகப் படித்த நேரம்.

எம்டைமை நம்பி அழிப்பதுதான் பெரிய அநியாயம். ஓசூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் 2014ல் முடிவான உதிரிபாக வரைபடத்தைத் தினமும் திறந்து பார்த்தாலும் அதன் எம்டைம் 2014லேயே நிற்கும். திருத்தமே தேவைப்படாத நல்ல கோப்புதான் முதலில் பலி!

ஏடைம் மட்டும் அரிச்சந்திரனா? நோஏடைம் என்று மவுண்ட் செய்திருந்தால் எத்தனை முறை படித்தாலும் தேதி அசையாது. அது இல்லாத இடத்தில், பேக்கப்போ வைரஸ் ஸ்கேனரோ தொட்டாலே குப்பைகூட 'நேற்றுப் பயன்பட்டது' என்று காட்டக்கூடும்.

அது உண்மையே சொன்னாலும், யாரும் திறக்காதது வேண்டாதது ஆகிவிடுமா? ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2013ம் வருட கம்பெனிச் சட்டமோ 8 நிதியாண்டு கேட்கிறது. நோட்டீஸ் வரும் நாளில் "ரொம்ப நாளாக யாரும் திறக்கவில்லை, அழித்துவிட்டோம்" என்றால் அதிகாரி கேட்பாரா?

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகச் சூப்பர் கம்ப்யூட்டரில், 10 நாளுக்கு மேல் பழைய லாக் கோப்புகளை அழிக்க வைத்திருந்த ஸ்கிரிப்ட் சுமார் 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகளைத் தின்றுவிட்டது. ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டை நடுவில் மாற்றியதால் வந்த வினை. தானாக அழிக்கும் வேலையில் ஒரு சின்னப் பிழை போதும்!

தேதி ஒரு சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. பட்டியல் எடுக்கட்டும், கோப்புக்கு உரியவரைக் கேட்கட்டும், தனி இடத்துக்கு நகர்த்திச் சில மாதம் காத்திருக்கட்டும், பிறகு ஒப்புதல் வாங்கி அழிக்கட்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்களுக்கு, அழிந்ததை மறுபடி உருவாக்க மட்டும் நேரம் எங்கிருந்து வரும்?