வீக் எண்ட் ரவுண்ட்ஸ்: ஆறு மணி கேட்டும் ஒரு கறிதோசையும்!

மூன்று வருடம் மதுரையில் படித்தவர்கள். ஆனால், ராத்திரி எட்டு மணிக்கு மதுரை எப்படி இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

காரணம் சிம்பிள். ஹாஸ்டல் கேட்டை மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆறு ஐந்துக்கு வந்தால் வார்டன் ரூமில் லெட்டர். ஆறரைக்கு வந்தால் வீட்டுக்கு போன். ஊரே ‘தூங்கா நகரம்’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும்போது, இவர்கள் இருவரும் ஏழரை மணிக்கே மெஸ் சப்பாத்தியைப் பிய்க்க முடியாமல் பிய்த்துத் தின்றுவிட்டு, ஜன்னல் கம்பி வழியாகத் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒருவர் தாம்பரத்தில். கணவர், மாமியார், யூ.கே.ஜி படிக்கும் மகன், ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. இன்னொருவர் கோவையில், வங்கி வேலை. ‘எப்போ கல்யாணம்?’ என்ற கேள்விக்கு ‘நல்லா இருக்கேன் அத்தை’ என்று பதில் சொல்லப் பழகிவிட்டவர். ‘ஒருநாள் மீட் பண்ணணும்டி’ என்று வாட்ஸ்அப்பில் ஆறு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ‘ஒருநாள்’ வந்ததற்குக் காரணம் ஒரு ரீல்ஸ்.

சிம்மக்கல் பக்கம் தோசைக்கல்லில் கறிதோசை திரும்புகிற வீடியோ அது. கோவைக்காரர் அனுப்பினார். “மூணு வருஷம் அந்த ஊர்ல இருந்துட்டு இதைச் சாப்பிட்டதே இல்லயேடி நாம!” தாம்பரத்திலிருந்து பதில் வந்தது: “ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினா எப்படிடி சாப்பிடறது?” அன்றிரவே டிக்கெட் போட்டாகிவிட்டது.

தாம்பரம் வீட்டில் இரண்டு நாள் இல்லாமல் இருப்பதற்கு நான்கு நாள் வேலை நடந்தது. வியாழக்கிழமையே மாவு அரைத்து, குழம்பு வைத்து, டப்பாக்களில் பேப்பர் ஒட்டி, ‘சனி மதியம்’, ‘ஞாயிறு காலை’ என்று எழுதி ஃபிரிட்ஜில் அடுக்கினார். மாமியார் “தாராளமா போயிட்டு வாம்மா” என்றார். பிறகு சின்ன கேப் விட்டு, “தனியாவா?” என்று கேட்டார். “இல்ல அத்தை, ஃப்ரெண்டோட.” “அதான், தனியாவான்னு கேட்டேன்.”

ஒருவர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் வந்து இறங்கினார். இன்னொருவர் முந்தைய இரவே கோவை பஸ்ஸில் ஆரப்பாளையம் வந்து, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ரூம் எடுத்திருந்தார். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். சாப்பிடுவதற்காகவே மதுரைக்குப் போகிறவர்கள் இந்த ஏரியாவில் தங்கினால் வசதி. மாசி வீதிகள், சித்திரை வீதிகள், டவுன்ஹால் ரோடு எல்லாமே காலால் அளந்துவிடலாம். அப்படி நடந்தால்தான் அடுத்த கடைக்கு வயிற்றில் இடமும் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை, மேலமாசி வீதியில் முருகன் இட்லி கடை. மதுரையில் ஆரம்பித்து சென்னை, சிங்கப்பூர் என்று கிளம்பிப்போன கடை. இலையில் இட்லி விழுந்த சூட்டோடு சட்னிகள் வரிசையாக வருகின்றன. கூடவே பொடி, நல்லெண்ணெய். தாம்பரத் தோழி முதல் இட்லியை விண்டதுமே நிறுத்திவிட்டார். “என்னடி?” என்றதற்கு, “ஒண்ணுமில்ல, சூடா இருக்கு” என்றார். வீட்டில் கடைசி இட்லி அவருடையது. மகனுக்கு ஊட்டி, கணவருக்கு டப்பா கட்டி, மாமியாருக்குத் தட்டு வைத்து முடிக்கும்போது அது எப்போதுமே ஆறிப்போயிருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். இன்னும் இரண்டு இட்லி சொன்னார்.

அதே மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி தன் உடையை மாற்றி அரைவேட்டிக்கு மாறினார். அந்தக் கட்டடத்தைக் கடந்து மூன்று வருடம் பஸ்ஸில் போனவர்கள், இப்போதுதான் நின்று பார்த்தார்கள்.

மதியத்துக்கு முன்பே வெயில் ஏறிவிட்டது. விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. ‘ஜிகர்’ என்றால் ஈரல், நெஞ்சு. ‘தண்டா’ என்றால் குளிர்ச்சி. சுண்டக் காய்ச்சிய பால், ஊறவைத்த பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இதில் முக்கியமான ஆள் பாதாம் பிசின்தான். கல்லு மாதிரி இருக்கும் துண்டை ராத்திரி தண்ணீரில் போட்டால் காலையில் ஜெல்லியாக ஊதிக் கிடக்கும். அதற்கென்று தனி ருசி கிடையாது. ஆனால், அது இல்லாவிட்டால் இது வெறும் ரோஸ் மில்க்கின் தூரத்துச் சொந்தம்தான்.

காலேஜ் நாட்களில் ஒரு ஜிகர்தண்டா வாங்கி இரண்டு ஸ்பூன் போடுவது வழக்கம். யார் ஐஸ்கிரீமை முதலில் எடுப்பது என்பதில் நிஜமாகவே சண்டை வரும். இந்த முறை ஆளுக்கு ஒன்று, அதுவும் பெரிய சைஸ், கெத்தாக ஆர்டர் செய்தார்கள். பாதிக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. மீதி நேரமெல்லாம் ஒன்று வாங்கி இரண்டாகப் பகிர்வது என்று பழைய ஒப்பந்தத்துக்கே திரும்பிவிட்டார்கள். மதுரையில் இதுதான் சரியான வழியும்கூட. முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் மூன்றாவது கடையின் வாசலில் நின்று வருத்தப்பட வேண்டியிருக்கும்.

மதியம் சாப்பாடே வேண்டாம் என்று ரூமில் படுத்துத் தூங்கினார்கள். ஏ.சி ரூமில், கதவைத் தட்ட யாரும் இல்லாமல், மூன்று மணி நேரம். ட்ரிப்பில் பிடித்த விஷயம் எது என்று கேட்டால் தாம்பரத் தோழி இதைத்தான் முதலில் சொல்வார் போலிருக்கிறது.

மாலையில் மேலச்சித்திரை வீதி, கோபு அய்யங்கார் கடையில் வெள்ளையப்பம். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு, தொட்டுக்கொள்ளச் சட்னி. அங்கிருந்து நடந்து, சௌராஷ்டிரக் குடும்பங்கள் வாழும் தெருக்கள் பக்கம் முள்ளு முருங்கை வடை. பெயர்தான் வடை, பார்க்கப் பச்சை நிறப் பூரி. முள்ளு முருங்கை இலையைப் பச்சரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்து, மேலே மிளகாய்ப் பொடி தூவித் தருகிறார்கள். சளிக்கு நல்லது என்று பாட்டிகள் சொல்வார்கள். சளி இல்லாதவர்களுக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது.

தள்ளுவண்டியில் பருத்திப்பாலும் கிடைத்தது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கு, ஏலக்காய் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பூ தூவுகிறார்கள். கஞ்சிக்கும் பாயசத்துக்கும் நடுவில் ஒரு பானம். கோவைத் தோழிக்குப் பிடிக்கவில்லை. “மருந்து மாதிரி இருக்குடி” என்று அவர் நீட்டிய டம்ளரையும் தாம்பரத் தோழியே காலி செய்தார்.

கவனித்திருப்பீர்கள், இதுவரை எல்லாமே சைவம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. “பள்ளியறை பூஜை பார்க்கணும். அதுக்கு முன்னாடி கவுச்சி வேண்டாம்” என்று கோவைத் தோழி கறாராகச் சொல்லிவிட்டார்.

மீனாட்சியம்மன் கோயிலில் ராத்திரி நடை சாத்துவதற்கு முன்னால், சொக்கநாதரின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோவார்கள். மதுரைக்காரர்களுக்கு அன்றாடக் காட்சி. ஆறு மணி கேட் ஆசாமிகளுக்குக் கேள்விப்பட்ட கதை மட்டும்தான். கோயிலுக்குள் செல்போனுக்கு 2018-லிருந்து தடை. வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

போனைக் கொடுக்கத் தாம்பரத் தோழிக்குக் கை வரவில்லை. அதுவரை மணிக்கு ஒரு தரம் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டானா, ஹோம்வொர்க் எழுதினானா, வெந்நீர் குடித்தானா. “நீ போய்ட்டு வா, நான் வெளியில நிக்கறேன்” என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கோவைத் தோழி எதுவும் பேசவில்லை. தன் போனைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு போனும் அந்தக் கைக்கு வந்தது.

உள்ளே கூட்டம் அதிகமில்லை. நாதஸ்வரம், சாம்பிராணிப் புகை, பிராகாரத்துக் கல்லின் குளிர்ச்சி. பல்லக்கு கடந்து போனபோது முன்னால் நின்ற ஒரு பாட்டி, யாரென்றே தெரியாத இவர்கள் தலையில் ஆளுக்குக் கொஞ்சம் மல்லிகைப்பூவை வைத்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரம் போன் இல்லை. முதல் பத்து நிமிடம் கை தானாகவே ஹேண்ட்பேக்குக்குள் போய்ப் போய் வந்தது. அப்புறம் போகவில்லை.

வெளியே வந்து போனை வாங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. கணவரிடமிருந்து நான்கு மிஸ்டு கால்.

கை நடுங்கத் திருப்பி அடித்தார். முழு ரிங் போய், கடைசியில் எடுத்தார். “என்னங்க, என்னாச்சு? பையன் எங்கே?”

“அவன் தூங்கியாச்சு. இந்த கேஸ் லைட்டரை எங்கே வச்சே? அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.”

“நாலு தடவையா?”

“தோசை ஊத்தணும்ல. அப்புறம் அம்மா தீப்பெட்டி எடுத்துக் கொடுத்துட்டாங்க. சாப்பிட்டாச்சு. நாலு தோசை சாப்பிட்டான் உன் பையன்.”

வீட்டில் இரண்டுக்கு மேல் சாப்பிட மாட்டான் அவன். போனை வைத்துவிட்டுச் சித்திரை வீதியின் ஓரத் திண்டில் உட்கார்ந்தவர், சிரித்தாரா அழுதாரா என்று அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. “லைட்டர் ஸ்டவ்வுக்குப் பின்னாடிதான்டி இருக்கு. ஏழு வருஷமா அங்கதான் இருக்கு” என்றார். கோவைத் தோழி மணியைப் பார்த்தார். பத்தேகால். “கறிதோசை ஆறிடப்போகுது, எந்திரி” என்றார்.

சிம்மக்கல், கோனார் கடை. கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதற்கும் மேல் மசாலாவில் வெந்த பொடிக் கறி. அப்படியே திருப்பிப் போட்டு, கறிப்பக்கம் கல்லில் சுருண்டு மொறுவலாகும்வரை விடுகிறார்கள். இதைத் தோசை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு வாயில் மூன்று ருசி வருகிறது. முதலில் காரம், பிறகு முட்டை, கடைசியில்தான் மாவின் புளிப்பு. கூட வரும் குழம்பை ஊற்றி ஊறவைத்தால் அந்த மொறுவல் போய்விடும். தொட்டுத்தான் சாப்பிட வேண்டும். இவர்கள் முதல் தோசையில் ஊற்றிக் கெடுத்து, இரண்டாவதில் திருந்தினார்கள். ஆமாம், இரண்டாவதும் வந்தது. பகிர்கிற ஒப்பந்தம் இந்த ஒரு இடத்தில் செல்லவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்தபோது மணி பதினொன்றைத் தொட்டிருந்தது. பரோட்டாக் கடையில் கொத்துகிற சத்தம். ரோட்டோர இட்லிக் கடை பெஞ்சில் ஒரு குடும்பமே, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தது. பூக்காரம்மா இன்னும் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் நடந்து போகிறார்கள் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதுக்குத்தான் நம்மள உள்ள வச்சுப் பூட்டினாங்களா?” என்று கோவைத் தோழி கேட்டார். இதே நேரத்துக்கு அவர்கள் காலேஜ் பையன்கள் ஹாஸ்டலிலிருந்து கிளம்பி, இதே தெருவில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போய், மறுநாள் கிளாஸில் கதை சொல்வார்கள். அவர்களுக்கும் ஒரு கேட் இருந்தது. அதைப் பத்து மணிக்குப் பூட்டுவார்கள், பெயருக்கு.

லாட்ஜுக்குத் திரும்பும்போது தாம்பரத் தோழி ரிசப்ஷனில் நின்று, “அண்ணா, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?” என்று கேட்டார். “கேட்டா? பூட்டறதே இல்லம்மா. எங்கயாவது போகணுமா?” என்றார் அவர். எங்கும் போக வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு பேரும் திரும்பி வெளியே வந்து, தெரு முனை வரை நடந்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையைத் தூங்கியே கழித்ததால் திருமலை நாயக்கர் மஹாலில் தூண்களுக்கு நடுவே நான்கு போட்டோ, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு. சுண்டுவிரல் அளவுகூட இல்லாத மீன், முழுசாகவே குழம்பில் கிடக்கும். முள்ளெடுக்கும் வேலை இல்லை. புளியும் காரமும் தூக்கலாக இருக்கும் அந்தக் குழம்புக்குச் சாதம் இரண்டு முறை கேட்க வேண்டிவரும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடைசியாக ஸ்டேஷன் பக்கம் பிரேமா விலாஸில் அல்வா. நின்றுகொண்டே சூடாக ஒரு முறை, பிறகு பார்சல் ஆளுக்கு அரைக் கிலோ. தாம்பரத் தோழி மதியம் தேஜஸ் ஏறினார். ஃபிரிட்ஜில் ‘ஞாயிறு காலை’ என்று ஒட்டிய டப்பா அப்படியே இருப்பதாகவும், அப்பாவும் பிள்ளையும் கடைக்குப் போய்ப் பூரி சாப்பிட்டதாகவும் வீட்டிலிருந்து தகவல் வந்திருந்தது. கோவைத் தோழி ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்தார்.

ரயில் திருச்சியைத் தாண்டும்போது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. எண்ணெய் ஊறிய வெறும் காகிதம். கீழே ஒரு வரி: “ஒட்டன்சத்திரம் வர்றதுக்குள்ள முடிஞ்சதுடி. உன்னோடது எவ்ளோ இருக்கு?”