கூடு விற்பவனுக்குக் காவல் எங்கே?

கொள்ளேகால் 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரோடு சேர்ந்து, 1997-ல் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. எல்லை எப்படி மாறினாலும் ஊரின் பெயர் பட்டோடு ஒட்டியே நிற்கிறது. அந்தப் பட்டை வாங்குபவருக்கு இன்று சட்டத்தின் துணை தாராளம்; கூட்டை விற்கும் விவசாயிக்கு அந்த அளவு இல்லை.

வாங்குபவர் கதையை முதலில் பார்ப்போம். பட்டு என்று பாலியெஸ்டரை விற்பது பழைய ஏமாற்று. முந்தானைக் குஞ்சத்தில் இரண்டு இழை எடுத்துக் கொளுத்தினால் பட்டு முடி கருகிய வாடை வீசும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-ல் வந்த ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது என்றாலும், அது கட்டாயமல்ல; கேட்டு வாங்குவோருக்குத்தான் பயன். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புடவையைக் காஞ்சிபுரத்திலே வாங்கினாலும் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை. பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சொந்தத் தறியில் நெய்து பிழைப்பவர் கலப்பட நூல் வாங்கி ஏமாந்தால், அவரும் நுகர்வோரே. இது பலருக்குத் தெரிவதில்லை.

கூடு வளர்ப்பவர் நிலை வேறு. அவர் விற்பவர், நுகர்வோர் சட்டம் அவருக்கு உதவாது. 1959-ம் ஆண்டின் மாநிலச் சட்டம், கூட்டை அரசு சந்தையில் ஏலத்தில்தான் விற்க வேண்டும் என்கிறது. இடைத்தரகரிடமிருந்தும் கள்ள எடையிலிருந்தும் காப்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால், விற்கும் இடத்தை அரசு கட்டாயமாக்கினால், அங்கே உண்மையான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பும் அரசையே சேரும் அல்லவா?

ஏலம் கேட்கும் நூற்பாளர்கள் சிலர் முன்கூட்டியே விலை பேசிக்கொண்டால் விவசாயி என்ன செய்வார்? கேட்ட விலை வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் கூடு காத்திராது. நாளாக ஆக எடை குறையும். சில தினங்களில் அந்துப்பூச்சி துளைத்து வெளிவரும். துளைத்த கூட்டில் அறாத நீண்ட இழை கிடையாது. அவசரத்தில் இருப்பவன் பேரம் பேச முடியாது.

இத்தகைய ஏலக் கூட்டைத் தடுப்பது 2002-ம் ஆண்டு போட்டிச் சட்டம். முந்தைய ஏகபோகச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இதன் முக்கிய பிரிவுகள் 2009 மே மாதம்தான் அமலுக்கு வந்தன. ஏலத்தில் கூட்டுச் சேர்வது போட்டியைக் கெடுப்பதாகவே சட்டம் கருதுகிறது. எனினும் போட்டி ஆணையம் இருப்பது டெல்லியில். இருபது கிலோ கூடு கொண்டுவந்தவர் அங்கே எழுதுவார் என்பது நடக்கிற காரியமல்ல. நூற்பாளர்களும் பெரும்பாலும் சிறு தொழிலாளர்களே என்பதால், எல்லோரையும் சதிகாரராகப் பார்ப்பதும் தவறு.

சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. மாநில அரசே ஆணையத்துக்கு விஷயத்தை அனுப்பலாம். ஏலம் மின்னணு முறைக்கு மாறிய சந்தைகளில் யார் எவ்வளவு கேட்டார், எந்த நாளில் விலை ஒரே கோட்டில் நின்றது என்ற விவரம் பதிவாகிறது. பட்டு வளர்ப்புத் துறை அதை மாதந்தோறும் பரிசீலித்து, ஐயம் எழுந்தால் மேலே அனுப்ப வேண்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.