நோய் ஒன்று, மருந்துச் சீட்டு 63!

மூன்று வாரமாக இருமல். மாலையில் காய்ச்சல். உடல் மெலிகிறது. தாராவியில் ஒரு தொழிலாளிக்கு இப்படி வந்தால், பெரும்பாலும் அவர் முதலில் போவது சயான் ஆஸ்பத்திரிக்கு அல்ல, தெருமுனை டாக்டரிடம்தான். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடுமே!

அந்த டாக்டர் எழுதும் சீட்டில்தான் ஆபத்து தொடங்குகிறது.

தாராவிப் பகுதியின் தனியார் டாக்டர்கள் 100 பேர், காசநோய்க்கு 80 விதமாக மருந்து எழுதியதை 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. மாகிம் இந்துஜா ஆஸ்பத்திரி டாக்டர் ஜரிர் உட்வாடியா குழுவினர், பின்னர் 106 டாக்டர்களிடம் இதே சோதனையை நடத்தினர். 2010-ல் முடிவு வெளியாயிற்று. மருந்து முறைகள் 63. சரியாக எழுதியவர்கள் 6 பேர் மட்டுமே!

அடங்காத கிருமி

தவறான மருந்தும், பாதியில் நிறுத்திய மருந்தும் ஒரே தீங்கைச் செய்கின்றன. வலுவற்ற கிருமி சாகிறது. மருந்தைத் தாங்கும் கிருமி பிழைத்துப் பெருகுகிறது. சோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் 4 பேருக்கு இருப்பதாக இந்துஜா டாக்டர்கள் 2011 டிசம்பரில் அறிவித்தனர். "முற்றிலும் அடங்காத காசநோய்" என்ற பெயரை மத்திய அரசு ஏற்கவில்லை. பெயரில் தகராறு இருக்கலாம். ஆபத்தில் தகராறு இல்லை.

சென்னை காட்டிய வழி

இதற்கான விடை 1959-லேயே கிடைத்துவிட்டது. சானடோரியத்தில் தங்கியவர்களும், நெருக்கடியான வீட்டில் இருந்தபடியே மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததைச் சென்னை காசநோய் ஆய்வு மையம் நிரூபித்தது. எளிய சாப்பாடு குணத்தைத் தடுக்கவில்லை. தவறாமல் உண்ட மருந்தே முடிவு செய்தது.

இன்று வசதி இன்னும் கூடியிருக்கிறது. நோய் உண்டா, முக்கிய மருந்தான ரிபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதைச் சளிச் சோதனைக் கருவி சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. சாதாரண காசநோய்க்கு 6 மாத மருந்து அரசு மையங்களில் இலவசம். மருந்துக்கு அடங்காத நோய்க்கும் 6 மாதச் சிகிச்சையை மத்திய அரசு 2024-ல் அனுமதித்தது. சத்துணவுக்கு மாதம் ரூ.500 என்றிருந்த உதவி, அதே ஆண்டு நவம்பரில் ரூ.1,000 ஆயிற்று.

யார் பொறுப்பு?

இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும். உடனே மருந்தை விட்டுவிட்டு நெல்லைக்கு ரெயில் ஏறுவது பெருந்தவறு. "நிக்சய்" பதிவு எண்ணைக் காட்டினால் ஊரிலும் சிகிச்சையைத் தொடரலாம்.

ஆனால் நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. 2024-ல் காசநோய் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. மாத்திரையைத் தவறவிடாதே என்று தொழிலாளிக்குச் சொல்லும் அரசு, மாத்திரை தவறாமல் வந்து சேரவும் வழி செய்ய வேண்டும். மாலை நேரத்திலும் மையங்கள் திறந்திருந்தால், கூலியா மருந்தா என்ற கேள்வியே எழாது.